வீட்டு நீர்த்தொட்டியும் தானே நிற்கும் பம்பும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் ஜலத்திற்குக் குறைவில்லை என்ற எண்ணம் குடியானவர் மனத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பதும் ஜனவரி 28ஆம் தேதி மூடுவதும் வழக்கம். ஆயினும் 2012 முதல் 2019 முடிய எட்டு வருஷங்கள் அணை குறித்த தேதியில் திறக்கப்படவில்லை. 2024ஆம் வருஷத்திலும் ஜூலை 28ஆம் தேதியன்றுதான் திறக்கப்பட்டது. ஆறு வறண்ட அத்தகைய நாட்களில் குறுவை நாற்றங்காலும், வீட்டுச் சமையலும், மாட்டுத் தொட்டியும் நிலத்தடி ஜலத்தையே நம்பி நிற்கின்றன. ஆகையால் பூமியிலிருந்து எடுக்கும் ஜலத்தை வயலில் மட்டுமன்றி வீட்டிலும் கணக்காகச் செலவிடுவது அவசியமாகிறது.

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்திலும், அரசலாற்றின் இருகரைக் கிராமங்களிலும், ராட்டினமும் தாம்புக் கயிறும் பெரும்பாலும் மறைந்து, வீடுதோறும் குழாய்க் கிணறும், மின்சாரப் பம்பும், மெத்தையின்மேல் ஒரு தொட்டியும் ஏற்பட்டிருக்கின்றன. கயிற்றால் இறைத்த காலத்தில் குடம் நிரம்பியதும் கை தானே நின்றது. மின்சாரப் பம்புக்கு அந்த அறிவு இல்லை. விசையைத் தட்டியவர் மறந்தால் தொட்டி நிரம்பி வழியும். கிணற்றில் ஜலம் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே சுழன்று கருகும். இவ்விரண்டு நஷ்டங்களையும் தடுக்கத்தக்க தானியங்கி அமைப்பு ஒன்றை வீட்டில் பொருத்தும் முறையும், அதைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியவையும் இங்கே விவரிக்கப்படுகின்றன. பம்பைத் தானே ஓடச் செய்வது எளிது. உரிய சமயத்தில் தானே நிற்கச் செய்வதே காரியம் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளவேண்டும்.

வழிந்தோடுவதன் கணக்கு

வீடுகளில் சாதாரணமாக உள்ள தொட்டி 1,000 லிட்டர் கொள்ளும். 1 குதிரைசக்திப் பம்பு ஒன்று நிமிஷத்திற்கு 40 லிட்டர் ஏற்றுவதாக வைத்துக்கொண்டால், காலித் தொட்டி நிரம்ப 25 நிமிஷங்கள் ஆகும். வீட்டார் வேறு வேலையில் இருந்து, நாள்தோறும் 10 நிமிஷம் தாமதித்து நிறுத்துகிறார்கள் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 400 லிட்டர் வீணாகிறது. ஒரு வருஷத்தில் இது 1,46,000 லிட்டராகும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரத்திற்கு ஜலம் நிறுத்த ஏறக்குறைய 1,02,800 லிட்டர் வேண்டும். ஆகவே ஒரு வீட்டின் மறதியால் மட்டும் ஓர் ஏக்கருக்கு ஒன்றரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைவான ஜலம் போகிறது.

இப்படி 100 வீடுகள் உள்ள ஒரு கிராமத்தில் நஷ்டம் 1 கோடியே 46 லட்சம் லிட்டர். நெற்பயிருக்கு நடவு முதல் அறுவடை வரை மொத்தம் 1,200 மில்லிமீட்டர் உயரம் ஜலம் தேவை என்று கணக்கிட்டால், ஓர் ஏக்கருக்குச் சுமார் 48½ லட்சம் லிட்டர் ஆகிறது. அதாவது, மெத்தைகளிலிருந்து தெருவில் வழிந்த ஜலம் மூன்று ஏக்கர் குறுவையை விளைவிக்கப் போதுமானது.

மின்சாரச் செலவும் உண்டு. 1 குதிரைசக்தி என்பது 746 வாட். மோட்டாரின் உள்நஷ்டங்களையும் சேர்த்தால் அது இழுப்பது ஏறக்குறைய 1 கிலோவாட். நாளுக்கு 10 நிமிஷம் வீணாக ஓடினால் வருஷத்தில் சுமார் 60 யூனிட் செலவாகும். வீட்டு மின்கட்டணம் உபயோகம் கூடக் கூட உயர்ந்த விகிதத்தில் விதிக்கப்படுவதால், இந்த அதிக யூனிட்டுகள் மேல்விகிதத்திலேயே விழும்.

வழிந்த ஜலம் பூமிக்கே திரும்பிவிடுகிறது என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. ஏற்றிய மின்சாரம் திரும்புவதில்லை. ஜலமும் முழுவதும் கிணற்றுக்குத் திரும்புவதில்லை. பெரும்பகுதி சிமெண்டுத் தரையிலும் சாக்கடையிலும் போய்விடும். எஞ்சியது சுவரில் ஊறிக் காரையை உதிர்க்கும். தாராசுரத்தில் பட்டு நெய்யும் குடும்பங்கள் பல உண்டு. குழித்தறி உள்ள வீட்டில் அடிச்சுவர் ஈரம் கோத்தால் தறிக்கும் நூலுக்கும் கேடு நேரும். தேங்கிய நல்ல ஜலத்திலேதான் டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு முட்டையிடுகிறது என்பதும் மறக்கத்தக்கதன்று.

மிதவையின் பழைய தத்துவம்

மட்டம் அறிந்து தானே வேலை செய்யும் ஏற்பாடு புதிதன்று. வீராணம் போன்ற ஏரிகளில் அமைந்துள்ள கலிங்கு, குறித்த மட்டம் வரை ஜலத்தைத் தேக்கி, மிகுந்ததை மாத்திரம் வெளியே விட்டுக் கரையைக் காக்கிறது. அதற்குக் காவற்காரன் வேண்டியதில்லை, மட்டமே கட்டளையிடுகிறது. மேல்நாட்டில் கி. மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியா நகரில் வாழ்ந்த தெசிபியஸ் என்ற கிரேக்கர், நீர்க்கடிகாரத்திற்கு வரும் ஜலத்தை ஒரு மிதவையால் ஒழுங்குபடுத்தியதாகத் தெரியவருகிறது. ஜலம் உயர்ந்தால் மிதவை உயர்ந்து வழியை அடைக்கும். தாழ்ந்தால் வழி திறக்கும். இன்று குழாய்த் தொட்டிகளில் காணும் பந்து வால்வு இந்தத் தத்துவத்தையே அனுசரித்தது.

ஆனால் பந்து வால்வை மட்டும் மெத்தைத் தொட்டியில் வைத்தால் போதும் என்று கருதுவது தவறு. உயரமான பொதுத் தொட்டியிலிருந்து தானாக இறங்கி வரும் குழாய் ஜலத்திற்கு அது ஏற்றது. பம்பினால் ஏற்றும் ஜலத்திற்கு ஏற்றதன்று. வால்வு அடைபட்டபின்னும் பம்பு நிற்காது. வழியின்றிச் சுழன்று, உள்ளிருக்கும் ஜலத்தைச் சூடாக்கிக் குழாயையும் சீலையும் கெடுக்கும். ஆதலால் மிதவை ஜலத்தின் வழியை அடைப்பதற்குப் பதிலாக, மின்சாரத்தின் வழியை அடைக்க வேண்டும். தானியங்கி அமைப்பின் சாரம் இதுவே.

அமைப்பின் அங்கங்கள்

இவ்வமைப்பில் மூன்று அங்கங்கள் உண்டு. முதலாவது, தொட்டியில் ஜலம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதை அறியும் உணர்கருவி. இரண்டாவது, அந்தச் செய்தியைப் பெற்று ஓடுவதா நிற்பதா என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. மூன்றாவது, பெட்டியின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் விடும் காண்டாக்டர். உணர்கருவி கண்ணுக்கும், பெட்டி புத்திக்கும், காண்டாக்டர் கைக்கும் ஒப்பானவை.

உணர்கருவிகள் பலவகைப்படும். அவற்றுள் வீடுகளுக்குப் பயன்படுபவை மூன்று.

கம்பி முனை வகை: தொட்டியினுள் மூன்று உலோகக் கம்பிகள் வெவ்வேறு ஆழத்தில் தொங்கவிடப்படும். கிணற்று ஜலத்தில் உப்புகள் கரைந்திருப்பதால் அது சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும். ஜலம் எந்தக் கம்பியைத் தொடுகிறது என்பதைக் கொண்டு பெட்டி மட்டத்தை அறிகிறது. விலை குறைவு. ஆனால் ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை இக்கம்பிகளில் செலுத்தினால் அவை சில மாதங்களில் அரித்துப் போகும். துருப்பிடியாத எஃகுக் கம்பிகளும், திசை மாறி மாறி ஓடும் மின்சாரமும் உள்ள கருவியையே வாங்கவேண்டும். இரும்புச் சத்தும் உப்பும் மிகுந்த ஜலத்தில் கம்பிமேல் படிவு ஏறி, கருவி பொய்ச் செய்தி தரும்.

காந்த மிதவை வகை: நேரான தண்டு ஒன்றில் காந்தம் பதித்த மிதவை ஏறி இறங்கும். தண்டினுள் கண்ணாடிச் சிறுகுழலில் அடைத்த இரண்டு மெல்லிய தகடுகள், காந்தம் அருகே வரும்போது ஒன்றையொன்று தொடும். ஜலத்தை மின்சாரம் தொடுவதே இல்லையாதலால் உப்பு ஜலத்திற்கும் இது ஏற்றது. பாசி படிந்தால் மிதவை சிக்கிக்கொள்ளக்கூடும். அதுவே இதன் குறை.

தொங்கு மிதவை வகை: கம்பியின் நுனியில் கட்டிய அடைபட்ட உருண்டை, ஜலம் ஏறினால் நிமிர்ந்தும் இறங்கினால் சாய்ந்தும் உள்ளிருக்கும் விசையை மாற்றும். அமைப்பு எளிது; பழுது குறைவு. ஆனால் 230 வோல்ட் மின்சாரத்தை அப்படியே தொட்டிக்குள் கொண்டுபோகும் முறையில் இதனைப் பலர் பொருத்துகின்றனர். கம்பியின் உறை கீறினாலோ எலி கடித்தாலோ வீட்டார் குளிக்கும் ஜலத்தில் மின்சாரம் பாயும். எந்த வகையானாலும், தொட்டிக்குச் செல்லும் கம்பிகளில் 12 வோல்ட் போன்ற தாழ்ந்த அழுத்தம் மட்டும் இருக்கும்படியான பெட்டியையே தேர்ந்தெடுப்பது உத்தமம்.

இரண்டு மட்டங்கள் வேண்டுவதன் காரணம்

ஒரே ஒரு மட்டத்தை வைத்துப் பம்பை ஓட்டவும் நிறுத்தவும் செய்தால், ஒரு செம்பு ஜலம் எடுத்ததும் மோட்டார் ஓடும், அரை நிமிஷத்தில் நிற்கும், மறுபடி ஓடும். மோட்டார் புறப்படும் ஒவ்வொரு தடவையும் சாதாரணமாக இழுப்பதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது. அடிக்கடி புறப்பட்டால் சுருள் சூடேறும், காண்டாக்டரின் முனைகள் தீயும், கபாசிட்டர் கெடும். ஆகையால் தொடங்கும் மட்டமும் நிறுத்தும் மட்டமும் தனித்தனியாக, நல்ல இடைவெளியுடன் இருக்கவேண்டும்.

1,000 லிட்டர் தொட்டியில் நிறுத்தும் மட்டத்தை வழிகுழாய்க்கு 4 அங்குலம் கீழே வைக்கலாம். தொடங்கும் மட்டத்தைத் தொட்டியின் கால்பங்கு ஜலம் எஞ்சும் இடத்தில் வைக்கலாம். இவ்வாறு வைத்தால் பம்பு ஒரு தடவைக்குச் சுமார் 700 லிட்டர் ஏற்றிவிட்டு நிற்கும். நிமிஷத்திற்கு 40 லிட்டர் வீதம் அது பதினேழு பதினெட்டு நிமிஷ வேலை. சாதாரணக் குடும்பத்திற்கு ஒரு நாளில் ஒன்றிரண்டு தடவை ஓடினால் போதும். மின்சாரம் தடைப்படும் வேளைக்குக் கால்பங்கு ஜலமும் கைவசம் இருக்கும்.

கிணற்றுப் பக்கத்துக் காவல்

தொட்டி நிரம்பியதும் நிறுத்தும் கருவியைப் பொருத்திவிட்டு, கவலை தீர்ந்தது என்று இருப்பவர்களுடைய மோட்டார்களே கோடையில் கருகுகின்றன. காரணம் எளிதில் விளங்கும். தொட்டி நிரம்பினால்தான் அக்கருவி நிறுத்தும். கிணற்றில் ஜலம் இல்லாவிட்டால் தொட்டி நிரம்பவே நிரம்பாது. கருவி ஓயாமல் ஓட்டிக்கொண்டே இருக்கும். கையால் ஓட்டிய காலத்தில் சத்தம் மாறியதைக் கேட்டு வீட்டார் நிறுத்தினார்கள். தானியங்கியை நம்பி வெளியூர் சென்றால் அந்தக் காவலும் இல்லை.

இப்பிரதேசத்தில் இதற்கு விசேஷமான காரணம் ஒன்று உண்டு. ஆற்றிலும் வாய்க்காலிலும் ஜலம் ஓடும் மாதங்களில் குழாய்க் கிணறுகளின் மட்டம் தரைக்கு அருகில் இருக்கும். ஆகையால் தரைமேல் வைத்து உறிஞ்சும் பம்பையே பல வீடுகளில் வைத்திருக்கின்றனர். வாயுமண்டலத்தின் அழுத்தம் ஜலத்தைச் சுமார் 10 மீட்டர் உயரத்திற்குமேல் தூக்காது. உராய்வு முதலிய நஷ்டங்கள் போக, நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்குமேல் உறிஞ்சுவது கடினம். ஆறு அடைபட்டு, மாசி பங்குனி கழிந்து, மட்டம் இந்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் பம்பு காற்றை இழுக்கும். பம்பின் சீலுக்கு ஜலமே எண்ணெயும் குளிர்ச்சியுமாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் சில நிமிஷங்களில் சீல் வெந்துபோகும். நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றி ஓடும் ஜலமே அதனைக் குளிரச் செய்வதால், அதற்கும் இந்த அபாயம் உண்டு.

இதைத் தடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

தரைக்கீழ்த் தொட்டியிலிருந்தோ அகன்ற கிணற்றிலிருந்தோ ஏற்றுபவர்கள் அங்கேயும் ஓர் உணர்கருவியை வைக்கலாம். புட்வால்வுக்கு ஓரடி மேலே ஜலம் இறங்கியதும் அது மோட்டாரை நிறுத்தவேண்டும். மேல்தொட்டி ஜலம் கேட்டாலும் கீழே இருப்பு இல்லையேல் ஓடாது; இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் ஓடும்.

குறுகிய குழாய்க் கிணறாயின் உள்ளே உணர்கருவியை இறக்க இடம் இராது. அங்கே மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை அளக்கும் பெட்டி உதவும். ஜலத்தைத் தள்ளும் வேலை இல்லாதபோது மோட்டார் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும்; அந்தக் குறைவைக் கண்டு பெட்டி நிறுத்திவிடும். ஒவ்வொரு பம்புக்கும் இழுவை வேறுபடுவதால், ஜலம் நன்றாக வரும்போது அளந்து, மெக்கானிக்கைக் கொண்டே எல்லையைக் குறிக்கவேண்டும்.

மூன்றாவது, மேல்தொட்டிக்குள் குழாய் திறக்கும் இடத்தில் ஜலம் விழுகிறதா என்று பார்க்கும் சிறு உணர்கருவி. பம்பு புறப்பட்டு இரண்டு மூன்று நிமிஷத்திற்குள் ஜலம் வந்து சேராவிட்டால் பெட்டி நிறுத்தும். இந்த முறை வறட்சியை மட்டுமன்றி, குழாய் உடைந்ததையும், புட்வால்வு ஒழுகிப் பம்பில் நிறைத்த ஜலம் இறங்கிவிட்டதையும் காட்டிக்கொடுக்கும்.

வறட்சியால் நின்ற பம்பு சில நிமிஷங்களுக்கு ஒருமுறை தானே முயன்று பார்க்கும்படி சில பெட்டிகள் அமைக்கப்படுகின்றன. இடைவெளி ஒரு மணிக்குக் குறையாமலும், இரண்டு மூன்று முயற்சிகளுக்குமேல் போகாமலும் இருப்பது நலம். அதன்பின் மனிதர் வந்து பார்த்தே ஓட்டவேண்டும்.

பொருத்தும் முறை

மின்சார வேலையை உரிமம் பெற்ற கம்பியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஆயினும் வேலை செம்மையாக நடக்கிறதா என்று வீட்டுக்காரர் அறிந்திருப்பது நன்று. அதற்கான விவரங்கள் வருமாறு:

1. முதலில் பம்பின் பெயர்த்தகட்டைப் பார்த்துக் குதிரைசக்தியையும், ஓடும்போது இழுக்கும் ஆம்பியர் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். காண்டாக்டரும் கம்பியும் அதற்கு மேற்பட்ட தாங்கும் சக்தி உள்ளவையாக இருக்கவேண்டும்.

2. பம்புக்கு வீட்டின் மற்ற விளக்குகளோடு சேராத தனி வழியும், தனி எம்.சி.பி.யும் அமைக்கவேண்டும். மின்கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டுமுன் துண்டிக்கத்தக்க ஆர்.சி.சி.பி. ஒன்றையும் அவ்வழியில் வைக்கவேண்டும். ஈரத்தில் நின்று வேலை செய்யும் பெண்டுகளுக்கும் குழந்தைகளுக்கும் இதுவே உயிர்க்காவல்.

3. மோட்டாரின் உடலுக்கு எர்த்துக் கம்பி தவறாமல் இருக்கவேண்டும். எர்த்துக் குழி கோடையிலும் ஈரமாக இருக்கும் இடத்தில் அமையவேண்டும். ஜலக்குழாயை எர்த்தாக உபயோகிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் குழாய் மின்சாரத்தைக் கொண்டுபோகாது.

4. கட்டுப்பாட்டுப் பெட்டியை மழைச்சாரல் படாத சுவரில், தரையிலிருந்து 5 அடி உயரத்தில் பதிக்கவேண்டும். கம்பி நுழையும் துவாரங்களை நன்றாக அடைக்கவேண்டும். பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து முனைகளுக்கு இடையே செத்துக் கிடப்பதால் ஏற்படும் பழுது மிகச் சாதாரணம்.

5. மெத்தைக்குச் செல்லும் உணர்கம்பியை மோட்டாரின் கம்பியோடு ஒரே குழலில் இடலாகாது. வெயிலில் பிளாஸ்டிக் உறை வெடிக்குமாதலால் குழலில் இட்டே கொண்டுபோக வேண்டும். தொட்டிக்குள் கம்பியில் ஒட்டுப்போடக் கூடாது.

6. தானியங்கி வந்துவிட்டது என்று வழிகுழாயை அடைத்துவிடக் கூடாது. கருவி என்றாவது ஒருநாள் தவறும். வழிகுழாய் ஏற்றுகுழாயைவிடப் பருமனாக இருக்கவேண்டும். அதன் வாய்க்குக் கொசுவலை கட்டி, வாசலுக்கு எதிரே கண்ணில் படும்படி முடிக்கவேண்டும். ஜலம் வாசலில் விழுந்தால் கருவியின் பழுது அன்றே தெரியும். கொல்லையில் விழுந்தால் மாதக்கணக்கில் தெரியாது.

7. பெட்டியில் தானே ஓடும் நிலை, கையால் ஓட்டும் நிலை என்ற இரண்டுக்கும் விசை இருக்கவேண்டும். கையால் ஓட்டும் நிலையிலும் வறட்சிக் காவல் வேலை செய்வதாக இருத்தல் அவசியம்.

8. மின்சாரம் நின்று திரும்பியவுடன் பம்பு புறப்படாமல் சிறிது தாமதித்துப் புறப்படும்படி வைக்கவேண்டும். திரும்பி வரும்போது அழுத்தம் ஏறி இறங்குவதுண்டு. அழுத்தம் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழோ 260 வோல்ட்டுக்கு மேலோ இருந்தால் புறப்படாமல் தடுக்கும் ஏற்பாடும் விரும்பத்தக்கது.

பொருத்தி முடிந்ததும் உடனே சோதித்துப் பார்க்கவேண்டும். பம்பு ஓடும்போது மேல்மிதவையைக் கையால் உயர்த்தினால் நிற்க வேண்டும். தாழ்த்தினால் ஓட வேண்டும். கீழ்த்தொட்டியின் மிதவையை இறக்கினால் நிற்க வேண்டும். உணர்கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டால் பம்பு ஓடாமல் நிற்பதே சரியான அமைப்பு. கம்பி அறுந்தபோது ஓடிக்கொண்டே இருக்கும் பெட்டி, செய்தி கிடைக்காத காவற்காரன் மதகைத் திறந்தே வைப்பதை ஒக்கும்; அதை வாங்கலாகாது.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை மேலே கூறிய சோதனையைச் செய்யவேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை தொட்டியைக் கழுவும்போது மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, உணர்கம்பிகளின் படிவைத் துணியால் துடைக்கவும், மிதவையின் பாசியை நீக்கவும் வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் பெட்டியைத் திறந்து பூச்சிகளையும் ஈரத்தையும் அகற்றிவிட வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிரப்பிவிட்டு மெயின் சுவிட்சை நிறுத்திவிடுவது நலம். நிறைந்த தொட்டி காற்றில் பெயர்வதில்லை; வீட்டுக்கும் சில நாள் ஜலம் இருக்கும். 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது டெல்டாவின் பல பாகங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல நாட்கள் மின்சாரம் இல்லாமற் போயிற்று. அத்தகைய சமயத்தில் ஈரமான மோட்டாரோடு இணைந்த தானியங்கியை ஓடும் நிலையில் விட்டுவைத்தால், மின்சாரம் எதிர்பாராத வேளையில் திரும்பும்போது விபத்து நேரலாம்.

வயல் பம்பில் எச்சரிக்கை

வீட்டில் கண்ட தத்துவத்தை வயலுக்கும் கொண்டுபோகலாம்; ஆனால் ஒரு பேதம் உண்டு. மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பல நிலச்சுவான்தார்கள் வைத்திருக்கிறார்கள். இரவில் எழுந்து போகும் சிரமம் இதனால் நீங்குகிறது. ஆனால் அதற்கு ஓட்டத் தெரியுமேயன்றி நிறுத்தத் தெரியாது. மின்சாரம் உள்ள மட்டும் ஓடும். வயல் நிரம்பி வடிகாலில் வழிந்தாலும் ஓடும். விவசாய இணைப்புக்குக் கட்டணம் இல்லையாதலால் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த கோடையில் குழாய்க் கிணற்றை ஆழப்படுத்தும்போதுதான் தெரிகிறது.

மேலும், ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள எல்லா ஆட்டோ ஸ்டார்ட்டர்களும் ஒரே விநாடியில் மோட்டார்களைக் கிளப்பினால், அழுத்தம் சரிந்து, பியூஸ் போய், சில வேளை டிரான்ஸ்பார்மரே பழுதாகிறது. பின்பு பயிர் காய்வது எல்லோருக்கும் பொதுவான துன்பம். ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த விவசாயிகள் கூடிப் பேசி, ஒருவர் 2 நிமிஷம், அடுத்தவர் 4 நிமிஷம், மற்றவர் 6 நிமிஷம் என்று தாமதத்தை வேறுபடுத்தி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரிதும் நீங்கும். மூன்று முனைகளில் ஒன்று இல்லாதபோது மோட்டார் ஓடாமல் தடுக்கும் கருவியும், வறட்சிக் காவலும் இல்லாமல் ஆட்டோ ஸ்டார்ட்டரை உபயோகிக்கலாகாது.

வயலில் நிறுத்தும் மட்டம் எது என்ற கேள்விக்கும் விடை உண்டு. பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய காய்ச்சலும் பாய்ச்சலுமான முறையில், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து மட்டத்தைப் பார்க்கிறார்கள். வயலில் 5 சென்டிமீட்டர் வரை ஜலம் கட்டியபின், குழாயினுள் மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை மறுபடி பாய்ச்ச வேண்டியதில்லை. பூக்கும் தருணத்தில், ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும், ஜலம் நிறுத்தி வைக்கவேண்டும். வீட்டுத் தொட்டியின் தொடங்கும் மட்டமும் நிறுத்தும் மட்டமுமே இங்கும் காணப்படுகின்றன. கைபேசியால் பம்பை ஓட்டி நிறுத்தும் கருவி வைத்திருப்பவர்கள் இந்தக் குழாயையும் வைத்துப் பார்த்தால், கருவி ஜலத்தை வீணாக்காமல் மிச்சப்படுத்தும். அக்கருவிக்கு அண்மை வருஷங்களில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாயிலாக மானியம் அளிக்கும் திட்டம் நடைபெற்றிருப்பதால், வாங்குமுன் கோட்ட அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

2019ஆம் வருஷத்தில் தொடங்கிய ஜல் ஜீவன் மிஷன் திட்டம், கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு குறித்தது. ஒரு வீட்டில் தினமும் வழியும் 400 லிட்டர், அந்த அளவின்படி ஏழு பேருக்கு உரிய பங்கு. பொதுவான மேல்நிலைத் தொட்டி வழியும்போது நஷ்டம் இதைவிடப் பன்மடங்காகும். பம்பு இயக்குபவர் ஒருவரே பல தொட்டிகளைக் கவனிக்கவேண்டியிருக்கும் ஊர்களில் அவர்மீது குறை கூறுவதால் பயனில்லை. தொட்டியில் மட்டம் அறிந்து நிறுத்தும் கருவியைப் பொருத்துவதே பரிகாரம்.

பொதுத் தொட்டியின் வழிகுழாய் எங்கே விழுகிறது என்று பார்ப்பதும், நிறுத்தும் கருவி வேலை செய்கிறதா என்று மாதந்தோறும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவதும், கோடையில் குழாய்க் கிணற்றின் மட்டத்தை அளந்து குறிப்பதும் அதிக செலவில்லாத காரியங்கள். மட்டம் எந்த மாதத்தில் எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு இருந்தால், எந்த வீட்டுப் பம்பு எப்பொழுது வறளும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். புதுக் கிணறு தோண்டுபவர்களும் அதனால் பயனடைவர்.

வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள்

கடையில் பலவிதக் கருவிகள் பல விலைகளில் கிடைக்கும். விளக்குகளின் எண்ணிக்கையையும் பெட்டியின் அழகையும் பார்த்து வாங்கவேண்டியதில்லை. தொட்டி நிரம்பினால் நிற்குமா? கிணறு வறண்டால் நிற்குமா? உணர்கம்பி அறுந்தால் நிற்குமா? அழுத்தம் கெட்டால் நிற்குமா? தொட்டியில் இறங்கும் கம்பியில் தாழ்ந்த அழுத்தம்தானா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஆம் என்ற விடையை எழுத்தில் தரும் கருவியை வாங்கி, கடைக்காரர் முன்னிலையிலேயே சோதித்து, உள்ளூரில் பழுதுபார்ப்பவர் உண்டா என்றும் அறிந்துகொண்டால் போதுமானது. இவற்றில் ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால், அந்தக் கருவியை விடக் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் நிறுத்துவதே மேல்.